கடலுக்குப் போகாத நாளில் ஒரு திருக்கை

என் வயதுப் பெண்களே, போன வாரம் என் தம்பி வீட்டுக்குப் அவன் பேத்தியைப் பார்க்க வந்தீர்கள். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தீர்கள். பிள்ளை முகத்தில் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தீர்கள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருப்பதைக் கண்டு ஆளுக்கொரு "ச்சூ" கொட்டினீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன்.

நிறுத்தவில்லை. ஒருத்தி, "ஏ பிள்ளை, கிரகணத்தன்னிக்கு என்னத்த வெட்டுன?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "நல்லா ரோசிச்சுப் பாருத்தா, ஊக்கு கீக்கு குத்தியிருப்ப" என்றாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண் அது, என் தம்பியின் மருமகள். பெற்ற உடம்பு இன்னும் ஆறவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து, யோசிக்க ஆரம்பித்தது. தப்பு பண்ணாதவள் தன் தப்பைத் தேடும்போது கண் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எட்டு ஒன்பது வயதில் அந்தக் கண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அதனால்தான் கையில் இருந்த தம்ளரைத் தரையில் அப்படி வைத்தேன். தம்ளர் நசுங்கிப்போனது. நீங்களும் எழுந்து போய்விட்டீர்கள். வாசலைத் தாண்டியதும் என்னைக் கிறுக்கி என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி. இருக்கட்டும். கிறுக்கி சொல்வதையும் ஒரு தடவை கேளுங்கள்.

தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம். மண்டபத்துக்கு மேற்கே கடலை ஒட்டி எங்கள் குடியிருப்பு. பனையோலை வேய்ந்த வீடு. ஒரே முற்றத்தில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அத்தை வீடு. அத்தை என்றால் அய்யாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த அய்யாவை வளர்த்தவள். அய்யா கடலுக்குப் போகிற வத்தையும் அத்தை வீட்டுக்குச் சொந்தம். எங்கள் வீட்டில் எது நல்லது எது கெட்டது என்று சொல்கிற வாய் அத்தையின் வாய் ஒன்றுதான். அய்யாவுக்கும் வாய் உண்டு. சோறு தின்னப் பயன்படுத்துவார்.

அம்மா அப்போது ஏழு மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஆனி மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. அக்கரையில், இலங்கையில், காலையிலேயே முழுசாக இருட்டிவிடுமாம். நமக்குக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்குமாம். ரயிலில் வந்த யாரோ சொல்லி ஊரெல்லாம் அதே பேச்சு.

எங்கள் கரையில் கிரகணத்தன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். முந்தின நாளே வத்தைகளை எல்லாம் மணலில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் மிச்சம் மீதி இருந்த சோறு, குழம்பு, மீன் எல்லாவற்றையும் கொட்டிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. விடிவதற்குள் அத்தை வந்து அரிவாள்மணை, பாளைக்கத்தி, ஊசி, அம்மாவின் கொண்டை ஊசி வரைக்கும் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டாள். அம்மாவை உள்ளறையில் படுக்கவைத்தார்கள். துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். அய்யா கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டார். போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அம்மா பாயில் மல்லாந்து நேராகக் கிடந்தாள். கை இரண்டும் பக்கத்தில். புரளக் கூடாது, சொறியக் கூடாது, எதையும் கிள்ளக் கூடாது. மூக்கு அரித்தது அவளுக்கு. "ஏ பிள்ளை, ஊதுடி" என்றாள். நான் மூக்கின் மேல் ஊதினேன். எனக்குச் சிரிப்பு, அவளுக்கும் சிரிப்பு. சிரித்தால் வயிறு குலுங்கும் என்று பயந்து இருவரும் அடக்கிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் ஓலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் தேய ஆரம்பித்தன. வட்டமாக இருந்தவை பிறை பிறையாக மாறி, தரை முழுக்க, அம்மாவின் சேலை முழுக்கக் கிடந்தன. அவ்வளவு அழகை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வெளிச்சம் வயிற்றில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் பாவாடையை விரித்து அம்மாவின் வயிற்றை மூடி, அதன் மேல் கவிந்து படுத்துக்கொண்டேன். உள்ளே தம்பி உதைத்தான். கிரகணம் விட்டு, எல்லோரும் கடலில் முழுகி வந்த பிறகு அய்யாதான் கதவைத் திறந்தார். அம்மா எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் அசையாமல் கிடந்திருந்தாள்.

புரட்டாசியில் தம்பி பிறந்தான். நான் முற்றத்தில் குலவைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். யாரும் குலவை போடவில்லை. பிள்ளை அழுத சத்தம் மட்டும் மூக்கால் அழுவது மாதிரி கேட்டது. அத்தை வெளியே வந்து, என்னைத் தாண்டி, அய்யாவிடம், "ஆம்பளைப் பிள்ளைதான். ஆனா மூஞ்சி கூடலை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நான் உள்ளே புகுந்து பார்த்தேன். மேலுதடு நடுவிலிருந்து இடதுபக்க மூக்கு வரைக்கும் திறந்து கிடந்தது. உள்ளே சிவப்பாக இருந்தது. மற்றபடி கண்ணும் காதும் தலைமுடியும் சொல்லிச் செய்த மாதிரி இருந்தான். எனக்குப் பயமாகவே இல்லை. பயப்பட வேண்டும் என்று பெரியவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அத்தை அவன் முகத்தைத் துணியால் மூடினாள். நான் விலக்கினேன். மறுபடி மூடினாள்.

அம்மாவுக்குப் பால் இருந்தது. பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுத்தார்கள், காரல் மீன் குழம்பு கொடுத்தார்கள், மார் கட்டிக்கொண்டு சேலை நனைகிற அளவுக்கு ஊறியது. அவனுக்குத்தான் பிடித்து உறிஞ்ச முடியவில்லை. வாயை வைப்பான், காற்றுதான் போகும். ஒரு வாய் பால் இறங்கினால் அரை வாய் மூக்கு வழியாக வந்துவிடும். பசித்து அழுவான். அழுது களைத்துத் தூங்குவான். தூங்குகிறான் என்று பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அது தூக்கம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"பிள்ளை பாலை மறுக்குது" என்றாள் அத்தை. உறிஞ்ச வழியில்லாத பிள்ளையைப் பார்த்து மறுக்கிறது என்று சொல்ல எப்படி நாக்கு வந்தது என்று அறுபது எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வெள்ளிச் சங்கு உண்டு. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னச் சங்கு. அய்யாவும் அத்தையும் நானும் அதில் குடித்து வளர்ந்தவர்கள். அது அத்தையின் தகரப்பெட்டியில் இருந்தது. அம்மா சங்கைக் கேட்டாள். அத்தை கொடுக்கவில்லை.

"என்னத்த அறுத்தேன்னு சொல்லு. சொன்னாத்தான் பரிகாரம் பண்ண முடியும். தோசத்தோட அதுல ஊத்துனா, அடுத்து அதுல குடிக்கிற பிள்ளைக்கும் ஒட்டும்."

அடுத்து அதில் குடிக்க வேண்டியது அத்தை மகளின் பிள்ளை. அவள் அப்போது ஐந்து மாதம். அத்தைக்கு இருந்தது பயம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அவள் பேரப்பிள்ளைக்காகப் பயந்தாள். அதற்கு என் தம்பி பட்டினி கிடந்தான்.

அம்மா தீட்டறையில் இருந்தாள். அவளாக எழுந்துபோய் ஒரு கிண்ணம் எடுக்க முடியாது. எது வேண்டுமானாலும் அத்தையைக் கேட்டுத்தான் வரும். எதைக் கேட்டாலும் அத்தை, "மொதல்ல வாயைத் தொற" என்றாள். துணியை மாரில் நனைத்து அவன் வாயில் பிழிந்து பிழிந்து அம்மா அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். ஊர்ப் பெண்கள் வந்தார்கள். உங்களைப் போலத்தான் வந்தார்கள். சுற்றி உட்கார்ந்துகொண்டு, வெற்றிலையைக் கிள்ளினாயா, நகத்தைக் கடித்தாயா, வலை நூலைப் பல்லால் அறுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்து யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அந்தக் கண்ணைத்தான் சொன்னேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் போய் நின்று கத்தினேன். "அம்மா ஒண்ணும் அறுக்கலை. நான் கூடவேதான கெடந்தேன். அய்யாதான வெளிய நாதாங்கி போட்டாக. அவுகளைக் கேளுங்க."

அத்தை வாயோடு சேர்த்து ஓர் அறை விட்டாள். பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. அய்யா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டது. அறை விழுந்ததும் கேட்டது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு கண்ணியை முடிந்து அடுத்த கண்ணிக்குப் போனார். அந்தக் கை ஒரு நிமிஷம் நின்று, "ஆமாக்கா, பூட்டுனது நான்தான்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். அய்யா செத்துப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் இன்னும் அந்த வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் தம்பியின் அழுகை பூனைக்குட்டி முனகல் மாதிரி ஆகிவிட்டது. அம்மா அவனைப் பார்த்தாள். அப்புறம் கதவு வழியே வெளியே பார்த்தாள். முற்றத்துக் கயிற்றில் அன்று வந்த திருக்கை மீன் ஒன்று அடிப்பக்கம் தெரியத் தொங்கியது. திருக்கையின் அடிப்பக்கம் உங்களுக்குத் தெரியும், வெள்ளையாக, வாய் பிளந்த பிள்ளை முகம் மாதிரி இருக்கும். அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி" என்று கூப்பிட்டாள். "திருக்கை அறுத்தேன். நீங்க கதவைச் சாத்துறதுக்கு முந்தி. கிரகணம் புடிச்சிருச்சுன்னு எனக்குத் தெரியாது."

அத்தை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்கவே முடியாது. அன்றும் வந்து சுற்றி உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதே நிம்மதி. "அதான பாத்தேன். திருக்கை வாய் அப்படியே விழுந்திருக்கு" என்றாள் ஒருத்தி. அத்தை விறுவிறுவென்று போய்ப் பெட்டியைத் திறந்து சங்கைக் கொண்டுவந்தாள்.

இப்போது சொல்லுங்கள். கடல் தெரிந்த பெண்கள்தானே நீங்கள் எல்லோரும். கிரகணத்தன்று ஒரு வத்தைகூடக் கடலில் இறங்கவில்லை. முந்தின நாள் மீன் ஒரு துண்டுகூட வீட்டில் இல்லை, கொட்டிக் கழுவியாயிற்று. அரிவாள்மணை அத்தை கட்டிய சாக்குக்குள் இருந்தது. அப்புறம் எங்கிருந்து வந்தது அந்தத் திருக்கை? எதைக் கொண்டு அறுத்தாள்? மீன் பிடித்துப் பிழைக்கிற ஊர் மொத்தமும் அங்கே நின்றது, ஓர் ஆள் கேட்கவில்லை. கேட்டால் பதில் இருக்காது, பதில் இல்லாவிட்டால் குற்றவாளி இருக்க மாட்டாள். அவர்களுக்கு ஒருத்தி வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என் உதட்டு வீக்கத்தைத் தடவிக்கொண்டே, "இனிமே யார்கிட்டயும் வாயைத் தொறக்காத. நான் சொன்னதே நெசமா இருக்கட்டும். இல்லைன்னா சங்கைத் திருப்பி வாங்கிருவாக" என்றாள். பால்தான் அவளுக்குக் கணக்கு. மானத்தை அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த வேலை லேசாக இல்லை. சங்கு வந்தும் பால் இறங்கவில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டுவதில் அத்தைதான் கைகாரி என்று பெயர். இரண்டு காலையும் நீட்டி, அதில் பிள்ளையை மல்லாக்கப் போட்டு, சங்கு மூக்கை வாயில் வைத்துக் கவிழ்த்தாள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானே புகட்டுகிறோம். தம்பிக்கு மூக்கெல்லாம் பால் ஏறி, மூச்சு முட்டி, முகம் நீலம் பாரித்துவிட்டது. அம்மா அவனைப் பிடுங்கி நிமிர்த்தித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "இனிமே நானே ஊத்திக்கிறேன் மதினி" என்றாள். அத்தைக்குக் கோபம், முறைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று.

அம்மா விரலைக் கழுவி அவன் வாய்க்குள் மெதுவாக விட்டுத் தடவிப் பார்த்தாள். மேலண்ணத்திலும் பிளவு இருந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "மல்லாக்கப் படு" என்றாள். படுத்தேன். சங்கில் தண்ணீரை எடுத்து என் வாயில் கடகடவென்று ஊற்றினாள். எனக்குப் புரையேறி மூக்கால் வந்து, எழுந்து உட்கார்ந்து இருமினேன். அம்மா என் தலையில் தட்டிக்கொண்டே, "பாத்தியா, முழு வாய் இருக்கிற ஒனக்கே மூக்குல ஏறுது. அவனுக்கு ஏறாதா?" என்றாள்.

அன்றிலிருந்து அவனைப் படுக்கப்போட்டுப் புகட்டியதே இல்லை. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைக் கையில் தாங்கிக்கொள்வாள். பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, சங்கில் எடுத்து, நடுவாயில் ஊற்றாமல் கன்னத்தை ஒட்டி ஒவ்வொரு சொட்டாக விடுவாள். அவன் விழுங்குகிற சத்தம் கேட்ட பிறகு அடுத்த சொட்டு. கண்ணை அகல விரித்தால் நிறுத்திவிட வேண்டும், மூச்சுக்குத் தவிக்கிறான் என்று அர்த்தம். பாதியில் ஒரு தடவை தோளில் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். குடித்து முடித்ததும் ஈரத் துணியால் பிளவைத் துடைக்க வேண்டும். ஒரு வேளைப் பால் புகட்டி முடிப்பதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். அம்மா செய்வதைப் பார்த்து நானும் பழகினேன். என் மடியில் அவன் முதல் தடவை மூக்கால் ஒரு சொட்டும் வராமல் குடித்து முடித்தபோது எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

ஊர் அவனுக்குப் பேர் வைத்துவிட்டது. திருக்கைவாயன். அம்மா அவன் உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யிலிருந்து எடுத்த பேர். அத்தை குலசாமிக்கு வெள்ளியில் ஓர் உதடு செய்து போட்டாள். உதடு தானாகக் கூடிவிடும் என்று காத்திருந்தாள்.

ஐப்பசி மழைக்கு நடுவில் அம்மை குத்துகிற நர்சம்மா ஒருத்தி குடைபிடித்துக்கொண்டு எங்கள் குடியிருப்புக்கு வந்தாள். தம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வந்தவர்களிலேயே அவள் ஒருத்திதான், நீ என்ன செய்தாய் என்று அம்மாவைக் கேட்கவில்லை. "எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்டாள். அம்மா அழுத ஒரே தடவை அதுதான். என்ன பண்ணினாய் என்று கேட்டபோதெல்லாம் அழாதவள், எவ்வளவு குடிக்கிறான் என்றதும் உடைந்துவிட்டாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தைத்துவிடுவார்கள் என்றும், பத்து ராத்தல் எடை வந்தால்தான் மயக்கமருந்து தாங்குவான் என்றும் நர்சம்மா சொன்னாள். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, கிரகணம், ஏழாம் மாசம் என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

"உதடும் அண்ணமும் கூடுறது மொத ரெண்டு மூணு மாசத்துலயே முடிஞ்சிரும்மா. உனக்குக் கிரகணம் வந்தப்ப அவன் வாய் இப்படித்தான் இருந்துச்சு. நீ எதை அறுத்தா என்ன, அறுக்காட்டி என்ன?"

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள், "நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்க மதினி காதுல போட்டுறாதீக. சங்கை வாங்கிக்கிருவாக."

அதற்கப்புறம் எடைதான் எங்கள் வீட்டில் பேச்சு. கருவாடு நிறுக்கிற தராசில் சாக்கை விரித்து அம்மா அவனை வைத்து நிறுத்தாள். "பிள்ளையை நிறுத்தா ஆயுசு கொறையும்" என்று அத்தை கத்தினாள். அம்மா காதில் வாங்கவில்லை. தராசுத்தட்டில் அவன் கையை ஆட்டிக்கொண்டு, கருவாட்டு வாடையில் தும்முவான். மாசி பிறந்து கொஞ்ச நாளில் பத்து ராத்தல் கல்லுக்கு முள் நேரே நின்றது.

கத்தி வைக்கக் கூடாது, சாமி கொடுத்ததைச் சாமிதான் மாற்ற வேண்டும் என்று அத்தை நின்றாள். அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மண்டபம் ஸ்டேஷனுக்கு நடந்தாள். அய்யா பின்னாலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயிலில் எங்களை ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி ஊதிய பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கதவை நான்தான பூட்டுனேன். எனக்குத் தெரியாதா?" என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "அதை இங்கன வந்து சொல்றீகளா?" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டார். எல்லோருக்கும் கேட்க வேண்டிய இடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காத இடத்தில் வந்து நல்லவரானார். ஆண்கள் பலர் இப்படித்தான் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

மதுரையில் உதட்டைத் தைத்தார்கள். தையலைப் பிய்த்துவிடாமல் இருக்கக் கை இரண்டிலும் அட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், முழங்கை மடங்காது. அழவிடக் கூடாது, அழுதால் தையல் இழுக்கும் என்றார்கள். அவனை அழவிடாமல் பார்ப்பது என் வேலை. காக்காயாக, கழுதையாக, அத்தையாக எல்லாம் நடித்துக் காட்டினேன். அத்தைக்குத்தான் நன்றாகச் சிரித்தான், சிரித்தாலும் தையல் இழுக்கும் என்று நர்சு என்னைத் திட்டினாள்.

ஊர் திரும்பியதும் அத்தை அவன் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வெள்ளி உதடு பலிச்சிருச்சு" என்றாள். தையல் தடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அம்மா மூட்டையைப் பிரித்துச் சங்கை எடுத்துக் கழுவி அத்தையிடம் நீட்டினாள். அத்தை அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சில வருஷம் கழித்து வந்த பெரும்புயலில் தகரப்பெட்டியோடு அந்தச் சங்கும் போயிற்று. தேடினார்கள், நான் தேடப் போகவில்லை.

அண்ணத்தைத் தைக்க அப்புறம் இன்னொரு தடவை மதுரை போனோம். பேச்சு கொஞ்சம் மூக்கால்தான் வரும், ஆனால் புரியும். தம்பி வளர்ந்தான், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கினான், அடித்தான், மீசை வைத்தான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினான். நல்லவன். அம்மாவைக் கடைசி வரைக்கும் கையில் வைத்துத் தாங்கினான். அம்மா செத்த அன்று வாய்க்கரிசி போடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, நீ தெரியாமத்தான் அறுத்த. நான் என்னைக்கோ மன்னிச்சிட்டேன்" என்றான். கூட்டமே அழுதது. என்ன மனசு, என்ன மனசு என்றார்கள். அவ்வளவு வருஷம் அம்மா பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடியிருந்த நான், "எதைடா மன்னிக்கிற? அவ அறுக்கவே இல்லைடா" என்று அலறினேன். துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். உங்களில் இரண்டு பேரும் அதில் உண்டு.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நீங்கள் இல்லை. நீங்கள் வருவதற்கு முந்தின நாளே என் தம்பி கேட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் விளக்கிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எப்படிப் புகட்டுவது, எப்போது தைப்பது, எல்லாம். ஆனாலும் பிள்ளை குடிக்கத் திணறியதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. மருமகள் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவ்வளவு பாசமாகத்தான் கேட்டான். "தாயி, நான் கோவப்பட மாட்டேன். என்னத்த அறுத்தேன்னு சொல்லிரும்மா. எங்கம்மா சொன்னா. சொன்ன பொறவுதான் எனக்குப் பால் எறங்குச்சு."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா சொன்ன சொல் அவன் உயிரைக் காப்பாற்றியது என்று அவனுக்கு யாரோ சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அது பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாதாங்கி, பிறை வெளிச்சம், கடலுக்குப் போகாத நாள், ரயிலடியில் அய்யா சொன்னது, எல்லாம். அவன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான். கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு ஏன்க்கா இப்படி ஆச்சு? ஒண்ணுமே பண்ணாம இப்படி வருமா?" என்றான்.

"வரும்டா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாள்தான் நீங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள்.

நீங்கள் எழுந்து போன பிறகு அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, அன்னைக்குக் கிரகணம்னு எனக்குத் தெரியாது. ஒரு ஆப்பிள் நறுக்குனேன்" என்றது.

அவ்வளவு படித்த பிள்ளை. அம்மாவுக்குச் சங்கு வேண்டியிருந்தது, அதற்காகப் பொய் சொன்னாள். இவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கேட்டுக் கேட்டே அவள் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்கே என் துணிமணியை எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளோடு இந்த அறையில்தான் இருக்கிறேன். பேத்தியை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தை ஒட்டி, சொட்டுச் சொட்டாக ஊற்றக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். என் கைக்குப் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. நேற்று மூக்கால் வராமல் முழுசாகக் குடித்தாள். என் தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னத்த அறுத்தாய் என்று கேட்கவில்லை. "எவ்வளவுக்கா குடிச்சா?" என்று கேட்டான். அவனை மட்டும் உள்ளே விட்டேன்.

நீங்களும் பிள்ளையைப் பார்க்க மறுபடி வரத்தான் செய்வீர்கள். ஆனால் இந்தக் கதவுக்கு நாதாங்கி உள்பக்கம் இருக்கிறது, போட்டிருப்பவள் நான். பிள்ளை பால் குடிக்கிற நேரம் இது. தட்டாதீர்கள்.